மே மாதத்துச் சாய்தளம்

போன வாரம் வள மையத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் பையிலும் ஓர் அளவு நாடா இருப்பதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. என்னிடமும் ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம், ஐந்து மீட்டர், பொத்தானை அழுத்தினால் சட்டென்று உள்ளே போய்விடும். என் பணிக்காலத்தில் நான் செய்த மிக ஒழுங்கான தவறை அந்த நாடாவை வைத்துக்கொண்டுதான் செய்தேன். ஓய்வு பெற்றவளுக்குத் தன் தவறுகளைச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். உடலிலோ புலன்களிலோ கற்றலிலோ குறைபாடு உள்ள குழந்தைக்குப் பொருத்தமான பள்ளியைத் தேடி, அங்கே சேர்த்து, அது அங்கே நிலைக்கும்வரை பின்னால் நிற்பது. இதில் சேர்ப்பதுதான் சுலபம் என்று நான் நினைத்திருந்த ஆண்டில் நடந்தது இது.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். கிழமை, மணி, நிமிடம் இல்லாமல் எதையும் எழுத மாட்டேன். கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படிக்கும் பழக்கமும் உண்டு. ஒரு கல்வெட்டைப் பார்த்தால் தானம் கொடுத்தவர் பெயரைவிட அது எந்த ஆட்சியாண்டு என்பதைத்தான் முதலில் தேடுவேன். எப்போது எழுதியது என்று தெரியாமல் எந்தச் சான்றையும் நம்பக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பிலோமினா எங்கள் மயிலாப்பூர் மையத்துக்கு முதலில் வந்தது மே மாதத்து முதல் வியாழன், காலை 10.15. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் வீடு. கரைக்கு வரும் சின்னப் படகுகளில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, பெசன்ட் நகரிலும் அடையாறிலும் தெருத் தெருவாக விற்பவர். அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வியாபாரம் குறைவு என்பதால் பகலில் அவரால் வர முடிந்தது. கூடவே ஆறு வயது மகள் ஜெனிஃபர். மூளை முடக்குவாதத்தால் இரண்டு கால்களிலும் இறுக்கம். கால்களுக்குத் தாங்கலாகக் காலிபர் ஷூ போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாய்க்கு எந்தத் துணையும் தேவைப்படவில்லை.

“உன் பேர் என்ன?” என்று கேட்டேன்.

“நீ மொதல்ல உன் பேர சொல்லு” என்றாள்.

“அடியேய், டீச்சர்டி” என்றார் பிலோமினா. என்னிடம், “தப்பா நெனச்சுக்காத டீச்சர். இது வாயாலயே நடந்துடும்” என்றார்.

ஜெனி முதல் வகுப்பில் சேர வேண்டும். தி. நகரில் ஒரு சிறப்புப் பள்ளி இருந்தது. நல்ல பள்ளி. உடற்பயிற்சி சிகிச்சை அங்கேயே தருவார்கள். ஆனால் வேன் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றி இறக்கிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். ஜெனியின் படிப்புத் திறனில் எந்தக் குறையும் இல்லை. சிகிச்சைக்கு வாரம் இரண்டு நாள் நம் மையத்துக்கு வந்தால் போதும். ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் சாதாரணப் பள்ளி என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி. அதை இன்றும் மாற்ற மாட்டேன்.

ஜெனிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளிக்குள் தானே நடந்து போக வேண்டும். யாரும் தூக்கக்கூடாது. குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிலோமினாவின் தம்பி அந்தோணி விசைப்படகுத் தொழிலாளி. தடைக்காலத்தில் வேலை இல்லாததால், தினமும் சாயங்காலம் அவளை அலை நனைத்த இறுகிய மணலில் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். “தூக்கினு போனா பாப்பா கிளாஸ்ல போட்டுடுவாங்க” என்பது அவள் கணக்கு. நான் சிரித்துக்கொண்டே அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மே இரண்டாவது செவ்வாய், பிலோமினாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளைப் பார்க்கப் போனேன். முதலில் குப்பத்துக்கு அருகே இருந்த மாநகராட்சிப் பள்ளி. வாசலில் மூன்று படி. கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை. கழிப்பறை பழைய மாதிரி, குந்தி உட்கார வேண்டும். தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வந்தார். நான் நாடாவை நீட்டிப் படியின் உயரத்தை அளந்து, ‘பொருத்தமில்லை’ என்று எழுதி, ஒரு பிரதியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மொத்தம் பதினான்கு நிமிடம்.

அடுத்து அடையாறில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே என் நாடாவுக்கு விருந்து. சாய்தளம் விதிப்படி பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், இரு பக்கமும் கைப்பிடியோடு இருந்தது. மேலே ஒரு புங்க மரம் குடை பிடித்த மாதிரி நின்றது. படிவத்தில் ‘நிழல் உள்ளது, நன்று’ என்று எழுதினேன். காவலாளி கழிப்பறையைத் திறந்து காட்டினார். வெஸ்டர்ன் டாய்லெட், பக்கவாட்டில் பிடி, தரை பளபளவென்று இருந்தது. அவ்வளவு பளபளப்பே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. முதல் வகுப்பு தரைத்தளம். படிவத்தில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்தது. நம் துறையில் அது எத்தனை அபூர்வம் என்பது போகப்போக உங்களுக்குத் தெரியும்.

பிலோமினா வாசல் பக்கம் ஒதுங்கி, எதிர்ப்புறத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி இருக்கு பிலோமினா?”

“நல்லாத்தான் கீது டீச்சர். பெரிய ஸ்கூலு.”

“சேத்துடலாமா?”

“நீ சொன்னா சரி.”

‘தாயின் ஒப்புதல் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதே வாரம் சேர்க்கை முடிந்தது. பள்ளிக் கல்வி இணையதளத்தில் ஜெனியின் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலில் ஏறியது.

ஜூன் மாதம், பள்ளி திறந்த திங்கள், காலை 8.50.

ஜெனி சீருடையில், இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பன் கட்டி, வாக்கரோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாக்கரின் கைப்பிடியிலும் ஒரு ரிப்பன். அந்தோணி கட்டியது. அவள் வாசலைத் தாண்டி நாலைந்து அடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

சாய்தளத்தின் மேல் ஆறு ஸ்கூட்டர்கள் நின்றிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கைப்பிடிக்குள் அளவெடுத்துச் செருகிய மாதிரி. அந்த வளாகத்தில் இருந்த ஒரே மர நிழல் அதுதான். ஜூன் வெயிலில் வண்டியை வேறு எங்கே நிறுத்துவார்கள்? நிழலுக்கு டிக் போட்டவள் நான்.

தலைமையாசிரியை வெளியே வந்தார். முதல் நாள் பதற்றம் அவருக்கும். முகத்தில் வியர்வை, கையில் நான்கைந்து கோப்புகள்.

“அச்சோ, இவங்க வர்றது இன்னிக்கா? இன்னிக்கு ஒரு நாள் தூக்கிட்டு வந்துடுங்களேன்மா. சின்னக் குழந்தைதானே.”

“தூக்காத” என்றாள் ஜெனி. அம்மாவிடம்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

கழிப்பறை பற்றிக் கேட்டேன். பூட்டியிருக்கிறது, ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக வைத்திருக்கிறோம், சாவி எழுத்தரிடம், அவர் விடுப்பு என்றார். முதல் வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டதாகவும், தரைத்தள அறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருப்பதாகவும் அதே மூச்சில் சொன்னார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பையில் எப்போதும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நகல் வைத்திருப்பேன். எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்று மனப்பாடம். கையைப் பைக்குள் விட்டேன். “மேடம், நீங்க செய்யறது சட்டப்படி…” என்று ஆரம்பித்தேன். தலைமையாசிரியையின் முகம் இறுகியது. ஓர் ஆசிரியை, “வண்டிய நகத்திடறோம் மேடம், பிரச்சனை வேணாம்” என்று சாவியை எடுத்தார். “இன்னிக்கு நகத்தலாம்” என்றார் தலைமையாசிரியை, “தினமும் நடக்குமா சொல்லுங்க.”

அவர் உண்மையைச் சொன்னார். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது வெற்றி. அப்போது பிலோமினா என் முழங்கையைப் பிடித்துப் புங்க மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“டீச்சர், கொஞ்சம் நில்லு. நீ சண்டை போடுவ. ஜெயிச்சுடுவ. எனக்குத் தெரியும், நீ படிச்ச பொம்பள. ஜெயிச்சுட்டு பஸ் ஏறி அசோக் நகர்ல உன் வூட்டுக்குப் பூடுவ. நாளைலேந்து இந்தம்மா மூஞ்சியப் பாத்துகினு குந்தப் போறது யாரு? நீயா?”

சட்டப் புத்தகம் பாதி பைக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்தது. அதை உள்ளே தள்ளினேன்.

இளையவர்களே, அந்த நேரத்தில் என் முன்னால் இருந்த நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெனியை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால், இந்தப் பள்ளி தன் பட்டியலிலிருந்து அவள் பெயரை விடுவித்து, இணையதளத்தின் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அதற்கான பொத்தான் இந்தத் தலைமையாசிரியையிடம் இருக்கிறது. நான் சட்டம் பேசியிருந்தால், முதல் நாள் வேலை நெருக்கடியில் அந்தப் பொத்தானை அழுத்த அவருக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த ஒரு வாரமும் ஜெனி வீட்டில் உட்கார்ந்திருப்பாள், நடந்து போவேன் என்று ஊர் முழுக்கச் சொன்ன பிறகு. ஒரு குழந்தையின் முதல் நாளை வைத்துப் பள்ளியைத் திருத்தப் போகக்கூடாது. அது வேறொரு நாளின் வேலை. (அந்த வேலையையும் பிறகு செய்தேன். காலாண்டு விடுமுறைக்குள் வண்டிகளுக்குத் தனியாகத் தகரக் கூரை போட்டார்கள். கழிப்பறைப் பூட்டும் போயிற்று. அதற்கு நான்கு கடிதங்களும் ஏராளமான காபியும் செலவாயின.)

தலைமையாசிரியையிடம் திரும்பிப் போனேன். “மேடம், தப்பு என் பக்கம். சரியா பாக்காம சேத்துட்டேன். பேர விடுவிச்சுக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே வேற எடத்துல சேத்துடுவேன்” என்றேன். அவர் தோள் அரை அங்குலம் இறங்கியது. “உள்ள வாங்க, உக்காருங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார்.

ஆனால் அன்று சென்னை முழுக்க எல்லாப் பள்ளிகளும் அதே இணையதளத்தில் உட்கார்ந்திருந்தன. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் காத்திருந்தோம். ஜெனி ஸ்கூட்டர்களை எண்ணினாள். பத்தரை மணிக்கு ஏழாவது வந்து சேர்ந்தது.

“பத்தரைக்கு எப்பவும் ஏழுதான்” என்றார் பிலோமினா.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் கூடைய எறக்கி வெக்கிற எடம் இன்னா, தோ எதிர்ல, அந்த நீல கேட்டாண்ட. தெனமும் பத்தரைக்கு இங்கதான் தண்ணி குடிப்பேன். இந்த சரிவுல புள்ளைங்க நடந்து ஒரு நாளும் நான் பாத்ததில்ல. ஸ்கூட்டிதான் நடக்கும்.”

எதிரே இருந்த அந்த நீல கேட்டைப் பார்த்தேன்.

“பிலோமினா, மே மாசம் இதை ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே டீச்சர். நீ டேப்பு வச்சு அளந்துகினு இருந்த. அளக்கறவங்ககிட்ட போய் நடுவுல இன்னா பேசறது?” பிறகு சிரித்தார். “கோச்சுக்காத. நீ ஸ்கூல பாத்தது தடைக்காலத்துல. தடைக்காலத்துல கரைக்கு வந்து பாரு, எல்லா போட்டும் வரிசையா, சுத்தமா, பெயின்ட் அடிச்சுகினு நிக்கும். அத்தப் பாத்துட்டு கடலு இப்டித்தான்னு எழுதுவியா நீ?”

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டில் ஆட்சியாண்டைத் தேடுகிறவள், தன் கையால் எழுதிய படிவத்தின் தலையில் இருந்த ‘மே’ என்ற சொல்லைப் படிக்கவில்லை. நம் துறையில் எல்லோரும் செய்கிற தவறுதான். சேர்க்கை நடப்பது விடுமுறையில், அதனால் பள்ளியைப் பார்ப்பதும் விடுமுறையில். குழந்தைகளும் ஆசிரியர்களும் இல்லாத பள்ளி என்பது வெறும் கட்டடம். கட்டடத்தை நான் நன்றாகத்தான் மதிப்பிட்டிருந்தேன்.

“சரி, உன்னைக் கேக்கறேன். எந்தப் பள்ளிக்கூடம்?”

“எங்க குப்பத்தாண்ட கீதே, அதான். நீ வேணான்னு எழுதினியே.”

“அங்க படி இருக்கே. சாய்தளம் இல்லியே.”

“இல்லதான். ஆனா அங்க ஒரு பையன் கீறான், கண்ணு தெரியாது. பெல் அடிச்சதும் ரெண்டு பொண்ணுங்க தானா வந்து அவன் பக்கத்துல நிக்கும். ஒரு டீச்சரும் கத்தி நான் கேட்டதில்ல, யாரும் சொல்லி வந்து நிக்கிற மாரி இல்ல. பெரிய சார் இன்டர்வல்ல அந்தப் படில குந்திகினுதான் டீ குடிப்பாரு. சுத்திலும் புள்ளைங்க. நாலு வருசமா அந்தக் காம்பவுண்டாண்ட மீன் வித்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா?”

11.40க்கு வட்டம் சுற்றுவதை நிறுத்தியது. பெயர் விடுபட்டது. கிளம்பும்போது தலைமையாசிரியை ஜெனிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். ஜெனி வாங்கிக்கொண்டு, “உன் ஸ்கூல்ல ரொம்ப வண்டி கீது மிஸ்” என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாநகராட்சிப் பள்ளிக்கு நாங்கள் போனபோது மதிய உணவு நேரம் நெருங்கியிருந்தது. தட்டுகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியர் என்னைக் கண்டதும் படியிலிருந்து எழுந்தார்.

“வாங்க மேடம். மே மாசம் வந்து பொருத்தமில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க. அந்தப் பேப்பர் பத்திரமா இருக்கு. நான் பொருத்தமில்லையா, பள்ளிக்கூடம் பொருத்தமில்லையான்னுதான் புரியல.”

“நான்தான் சார்” என்றேன்.

அவர் மேற்கொண்டு என்னைக் கிண்டல் செய்யவில்லை. குனிந்து ஜெனியைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவளைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அவளிடமே கேட்டவர் அவர்தான்.

“மூணு படி இருக்கு. நீ எப்படி ஏறுவ?”

ஜெனி படிகளைப் பார்த்தாள். “குந்திகினு ஏறுவேன். எங்க மாமா வூட்டுல அப்டித்தான். ஆனா யாரும் தூக்கக் கூடாது.”

“தூக்க மாட்டோம். உன் வண்டி?”

“அத்த யாராச்சும் மேல வெச்சா போதும்.”

வரிசையிலிருந்து ஒரு சிறுமி தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வந்து, வாக்கரை மேலே தூக்கி வைத்தாள். வைத்தவள் ஒரு கணம் யோசித்து, ஜெனி எழுந்தால் பிடிக்கிற மாதிரி அதைத் திருப்பியும் வைத்தாள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பயிற்சி முகாம்களில் ஆசிரியர்களுக்கு இதை நான் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

ஜெனி முதல் படியில் திரும்பி உட்கார்ந்தாள். கைகளை ஊன்றி உடம்பை இரண்டாவது படிக்கு ஏற்றினாள். அங்கே இளைப்பாறினாள். பிலோமினாவின் கை தானாக முன்னே வந்தது. வந்த கையை அவர் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். மூன்றாவது படி. பிறகு வாக்கரைப் பிடித்து, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை எழுந்து நின்றாள். யாரும் கை தட்டவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் ஒரு பையன், “நவுருடா, சாம்பார் ஆறுது” என்றான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“இன்னா எழுதற?”

“நீ ஏறுன நேரம். நாலு நிமிஷம்.”

“நாளைக்கு கம்மி பண்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். பிற்பகல் 12.35. அந்த நாள் பக்கத்தின் கீழே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தொடர்ந்த நாட்களில் மற்றவை நடந்தன. கழிப்பறைக்கு, உட்காரும் இடத்தில் வட்டமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சனிக்கிழமை அந்தோணியும் இரண்டு நண்பர்களும் பழைய படகின் தளப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்றார்கள். சறுக்கு மரம் மாதிரி இருந்தது.

“இவ்வளவு செங்குத்தா வைக்கக் கூடாதுப்பா” என்றேன்.

“இன்னா டீச்சர், கடல்லேந்து போட்டையே ஏத்தறோம். இந்த சுண்டெலிய ஏத்த மாட்டமா?”

“போட்டை எத்தனை பேர் தள்றீங்க?”

“பதினஞ்சு பேரு.”

“இவ தனியா ஏறணும்.”

அந்தோணி பலகையைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார். “அப்போ நீட்டா போடணும்னு சொல்லு” என்றார். மூன்று படி, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விதிப்படி ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் நீளம் வேண்டும். என் நாடா ஐந்து மீட்டரில் தீர்ந்துவிட்டது. மிச்சத்தைத் தன் கையால் சாண் போட்டு அளந்துவிட்டு அந்தோணி சொன்னார், “உன் டேப்பு சின்னது டீச்சர், மேட்டர் பெருசு.” சுவரை ஒட்டிச் சாய்தளம் போட்டு, வழுக்காமல் இருக்க மேலே பழைய ரப்பர் விரிப்பை ஆணியடித்தார்கள். பிறகு துறை சிமென்டில் கட்டிக் கொடுத்தது. ஆனால் மாதிரி அவர்களுடையதுதான்.

சாய்தளம் வருவதற்குள் ஜெனி படியேறும் நேரத்தை இரண்டரை நிமிடமாகக் குறைத்திருந்தாள். படி இனி வேண்டாம் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த முறை ஜெனியைச் சிகிச்சைக்காக மையத்துக்கு அழைத்து வந்த பிலோமினாவிடம், “தப்பு என்னுதுதான்” என்று முறையாக ஒருமுறை சொன்னேன். “வுடு டீச்சர். அடுத்த புள்ளைக்கு உஷாரா இரு” என்றார். அதற்குப் பிறகு என் படிவத்தின் கடைசியில் இரண்டு வரிகளைப் பேனாவால் சேர்த்துக்கொண்டேன். இந்தப் பள்ளியை வேலை நாளில், இடைவேளையில் பார்த்தீர்களா? இந்தப் பள்ளியைப் பற்றிக் குழந்தையின் வீட்டாருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? உங்களுக்கு இப்போது அச்சடித்துத் தரும் படிவத்திலும் அவை இருக்கின்றன. அளவு நாடாவை வெளியே எடுப்பதற்கு முன் அந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். காய்கறி விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், எல்லோரும் ஏதோ ஒரு பள்ளியின் சுவரைத் தினமும் கடந்து போகிறவர்கள்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு வியாழன், காலை 10.40க்கு, முன்கூட்டிச் சொல்லாமல் அந்தப் பள்ளிக்குப் போனேன். இரவு பெய்த மழை விட்டிருந்தது. இடைவேளை. சாய்தளம் முழுக்கப் பிள்ளைகள். சிலர் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் வழுக்க முயன்றார்கள். ஒருத்தி தலைகீழாகப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாறு ஸ்கூட்டர்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நாடாவைத் தேடிக் கை பைக்குள் போனது, எதற்கென்று தெரியவில்லை. சாய்தளத்தின் அடியில் நின்று, மொத்தம் எத்தனை பேர் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை வந்தேன்.

மேலே வகுப்பு வாசலில் வாக்கர் தெரிந்தது. ரிப்பன் இப்போது நீலம்.

“வழி வுடு, வழி வுடு, வண்டி வருது” என்று ஒரு குரல். பதினொரு பேரும் தலையைக்கூடத் திருப்பாமல் காலை மடக்கிக்கொண்டார்கள். தலைகீழாகப் படுத்திருந்தவள் சுவரோடு உருண்டாள். நடுவில் சரியாக ஒரு வாக்கர் போகும் அகலத்துக்கு வழி பிறந்தது. ஜெனி இறங்கி வந்தாள், ஒவ்வொரு அடியாக, ராணி மாதிரி இல்லை, பால்காரர் மாதிரி, வேலையாக. பாதி வழியில் என்னைப் பார்த்தாள். நின்றாள்.

“டீச்சர்.”

“சொல்லும்மா.”

“நீதான் நடுவுல நிக்கிற. கொஞ்சம் ஓரம் போ.”

நகர்ந்துகொண்டேன்.